தாபரிப்புப் பணம் யாருடைய பணம்?

(அரியாலையில் சனசமூக நிலைய மண்டபமொன்றில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் எமது சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி ஆற்றிய உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதப்பட்டது. சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வாசலில் நிற்கும் தோழர்களே, உள்ளே கதிரைகள் இருக்கின்றன, வந்து இருங்கள். இது பெண்களின் கூட்டம் என்று நோட்டீசில் போட்டதால் ஆண்கள் வெளியே நிற்கிறீர்கள் போல. நான் பேச வந்த விடயத்தில் பாதி உங்களுக்குத்தான்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு அரியாலையில் என்ன வேலை என்று வரும்போதே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலை, லயம், பிரட்டுக் களம். ஆனால் உங்கள் ஊருக்கு நடுவால் போகும் வீதிக்குப் பெயர் கண்டி வீதி. அது உண்மையாகவே கண்டிக்குத்தான் போகிறது. அந்த வீதியால் 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு எங்கள் சனம் வடக்கு நோக்கி வந்தது. வன்னியில் குடியேறியவர்கள் உண்டு, யாழ்ப்பாணம் வரை வந்தவர்களும் உண்டு. இன்றைக்கும் எங்கள் தோட்டங்களிலிருந்து இளந்தாரிகள் யாழ்ப்பாணக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். முதல் மாதம் வீட்டுக்குக் காசு வரும், இரண்டாம் மாதமும் வரும். பிறகு தொலைபேசி இலக்கம் மாறிவிடும்.

அந்தத் தகப்பன்மாரைத் தேடித்தான் முதலில் இந்தப் பக்கம் வந்தோம். வந்த இடத்தில் உங்கள் ஊர்ப் பெண்கள் சிலர், "எங்களுக்கும் இதே கதைதான், எங்களோடையும் கதையுங்கோ" என்று கேட்டார்கள். அப்படித்தான் இந்தக் கூட்டம்.

தாபரிப்பு என்பது பிள்ளைக்குத் தகப்பனோ தாயோ கட்டாயம் கொடுக்க வேண்டிய மாதப் பணம். விரும்பினால் கொடுக்கிற உதவி அல்ல. இலங்கையில் இதற்கு முதற் சட்டம் வந்தது 1889 இல். எங்களுக்கு அந்த வருடம் நினைவில் நிற்கக் காரணம் இருக்கிறது. இந்தியத் தோட்டத் தொழிலாளரின் வேலையையும் சம்பளத்தையும் பற்றிய கட்டளைச் சட்டமும் அதே வருடம்தான் வந்தது. சம்பளம் பற்றிய சட்டத்துக்காகச் சங்கங்கள் எத்தனையோ போராட்டம் நடத்தின. தாபரிப்புச் சட்டத்தைப் பற்றி எந்த மே தின மேடையிலும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

அந்தப் பழைய சட்டத்தில், பதிவில்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்பதென்றால் தாயின் வாய்ச்சொல் மட்டும் போதாது, வேறு சான்று அதற்கு ஒத்துப்போக வேண்டும். பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்கவும் வேண்டும். தகப்பன் ஏற்கெனவே செலவுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் காலக்கெடுவுக்கு விலக்கு உண்டு. பச்சை உடம்புக்காரி எப்படி நீதிமன்றம் ஏறுவது? 110 வருடம் அப்படியே போனது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம்தான் அதை மாற்றியது. இப்போது அந்தச் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்குக் காதி நீதிமன்றம் என்று தனி வழி உண்டு. அதை இன்றைக்கு நான் தொடவில்லை.

புதிய சட்டத்தின்படி கொடுக்கும் வசதி இருந்தும் ஒருவர் தன் பிள்ளையைப் பராமரிக்காமல் விட்டால், நீதவான் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும்படி கட்டளையிடலாம். பதிவுத் திருமணத்தில் பிறந்த பிள்ளையா இல்லையா என்பது தடையில்லை. ஆனால் பதிவில்லாவிட்டால் தகப்பன் இவர்தான் என்று நீதவானுக்குத் திருப்திப்படும்படி காட்ட வேண்டும். பதினெட்டு வயதோடு முடிந்துவிடுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் 25 வயது வரைக்கும் கேட்கலாம். வலுவிழந்த பிள்ளைக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. மனைவியும் தனக்காகக் கேட்கலாம். சரியான காரணம் இருந்தால் கணவனும் மனைவியிடம் கேட்கலாம். சிரிக்காதீர்கள், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

எங்கே போவது? உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்துக்கு. புருஷன் நுவரெலியாவில் இருக்கிறான் என்பதற்காக நீங்கள் இங்கிருந்து நுவரெலியாவுக்குப் போக வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, வசதியில்லாதவர்களுக்கு வழக்குப் பேசுவதுதான் அதன் வேலை. யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு.

பதிவைப் பற்றி ஒரு விடயம் சொல்லிவிட்டுப் போகிறேன், இது தோட்டத்தில் பெரிய வியாதி. கோயிலில் தாலி கட்டுவார்கள், விருந்து போடுவார்கள், பதிவுக்குப் போக மாட்டார்கள். "அதுக்கென்ன, பொறகு பாத்துக்கலாம்." பிள்ளை பிறந்து பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்போது திருமணப் பதிவு இல்லையென்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் அதில் ஏறும். அன்றைக்கு அவன் கொழும்பில் நிற்பான். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்துவிடும். ஐந்து வருடம் கழித்து வழக்கு வரும்போது, "இந்தப் பிள்ளை என்னுடையதென்று யார் சொன்னது?" என்று அதே ஆள் கேட்பான். மரபணுப் பரிசோதனை செய்யலாம்தான். அதற்கும் காசு வேண்டும். ஆகவே இளம் பெண்களுக்குச் சொல்கிறேன், விருந்துக்குச் செலவழிக்கிற காசில் ஒரு துளி போதும், முதலில் பதிவு செய்யுங்கள்.

சரி, கட்டளை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதோடு காசு வருமா? இங்கேதான் கதை தொடங்குகிறது.

எங்கள் பகுதியில் ஒரு தோட்டத்தில் ஒரு பிள்ளைத் தாய். இரண்டு பிள்ளைகள். பெயரும் தோட்டமும் வேண்டாம். மாதம் 8,000 ரூபாய் என்று நீதிமன்றம் சொன்னது. அவன் இரண்டு மாதம் கட்டினான், மூன்றாம் மாதம் நிறுத்தினான். அவள் திரும்ப நீதிமன்றத்துக்குப் போனாள். அழைப்பாணை போய்ச் சேரவில்லை, தவணை. அடுத்த முறை அவன் வந்து, "அடுத்த மாதம் கட்டுகிறேன்" என்றான், தவணை. பிறகு பாதி கட்டினான். ஒவ்வொரு தவணைக்கும் அவளுக்கு ஒரு நாள் பெயர் போகிறது. பெயர் போனால் சம்பளம் போகிறது, வருகைக் கொடுப்பனவும் போகிறது. பஸ்சுக்கு இரண்டு பேருக்குக் காசு, ஏனென்றால் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. பதினோரு தடவை போனதாகக் கணக்கு வைத்திருந்தாள், பிள்ளையின் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில். வந்த காசையும் போன காசையும் கூட்டிப் பார்த்தோம். அந்த வருடத்தில் அவளுக்கு மிஞ்சியது ஒரு மாதக் கடைக் கணக்குக்குக்கூடக் காணாது.

கட்டாதவனை மறியலுக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை. ஆனால் அவன் உள்ளே இருந்தால் யார் உழைப்பது? மாமியார் வந்து அழுவாள், ஊர் வந்து பேசும், "பிள்ளைகளின் தகப்பனை ஜெயிலுக்கு அனுப்பினவள்" என்ற பெயரும் வரும். அதற்குப் பயந்து வழக்கை வாபஸ் வாங்கின பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். கை தூக்கச் சொல்லவில்லை.

மறியலை விடப் பிரயோசனமான ஒரு வழி அதே 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தகப்பன் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவனாக இருந்தால், அந்தச் சம்பளத்திலிருந்து பிள்ளையின் பங்கை வேலை கொடுப்பவரே பிடித்துக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அவன் கையில் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. சாராயக் கடைப் பக்கம் போக வேண்டியதுமில்லை. கடையில் வேலை செய்கிறவனுக்குச் சம்பளத் துண்டு கிடையாது, முதலாளி "இவன் போன மாதமே நின்றுவிட்டான்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். மேசன் வேலை, கூலி வேலை எல்லாம் அப்படித்தான். தோட்டத்தில் அப்படி ஒளிக்க முடியாது. செக்ரோலில் பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது. ஏழை உழைப்பாளிகளுக்குள் இந்த உத்தரவு ஒழுங்காக வேலை செய்யக்கூடிய இடங்களில் ஒன்று தோட்டம்.

அப்படியென்றால் அங்கே ஏன் அது வேலை செய்வதில்லை? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோழர் என்னிடம் வந்தார். நல்ல தொழிலாளி, சந்தா தவறாதவர், வேலைநிறுத்தத்தில் முன்னுக்கு நிற்பவர். தோட்டக் காரியாலயத்தில் தன் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்கள், நீதிமன்றக் கடிதமாம், சங்கம் தலையிட வேண்டும் என்றார். சம்பளத்தில் கை வைக்க விடாதே என்பது தொழிற்சங்கக்காரன் படிக்கும் முதற் பாடம். கங்காணி கடன் என்று பிடித்தான். துண்டு முறை என்று ஒன்று வைத்துத் தொழிலாளியைக் கடனோடு தோட்டம் விட்டுத் தோட்டம் விற்றார்கள். 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பிடித்தம் இந்தப் பிடித்தம் என்று ஓயவில்லை. ஆகவே பிடித்தம் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாகப் பேனாவை எடுத்தது. தொழிலாளியின் சம்மதமின்றிச் சம்பளத்தில் எதுவும் பிடிக்கக் கூடாது என்று சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதி அனுப்பினேன். காரியாலயத்துக்கும் அது வசதியாகப் போய்விட்டது. கடிதத்தைக் காட்டி விடயத்தைக் கிடப்பில் போட்டார்கள். நீதிமன்றம் மறுபடி கூப்பிட்டுக் கேட்கும் வரை மூன்று மாதம் ஒரு சதமும் போகவில்லை.

அந்தப் பெண்ணின் தாய் ஒருநாள் எங்கள் காரியாலயத்துக்கு வந்தாள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். சத்தம் போடவில்லை. வாங்கில் இருந்துகொண்டு கேட்டாள்: "தம்பி, நீங்க எழுதுன கடுதாசிக்கு வாங்குன தாளு, எங்க சந்தாவுல வாங்குனதுதானே? என் சந்தாவும் அதுல இருக்குதானே?"

நான் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1984 இல் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடத்தித்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்றோம். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் கொழுந்து பறிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். ஒரு வீட்டில் இரண்டு பேரும் எங்கள் அங்கத்தவர்கள் என்றால், இருவருக்கும் வழக்கு வந்தால், சங்கம் யார் பக்கம்? நாங்கள் பழக்கத்தில் சம்பளத்தின் பக்கம் நின்றோம். சம்பளம் அவனுடையது என்று எண்ணினோம். நீதிமன்றம் பிள்ளைக்கென்று பிரித்துக் கொடுத்த பிறகு அந்தப் பங்கு அவனுடைய சம்பளம் அல்ல. அவன் சம்பளப் பையில் மாறி வந்துவிட்ட பிள்ளையின் காசு. நான் கடிதம் எழுதித் தடுத்தது பிடித்தத்தை அல்ல, ஒப்படைப்பை.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசினோம். இலகுவாக முடியவில்லை. "அவளுக்குத் தொடர்பு இருக்கிறது, அவன் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஒரு தோட்டத் தலைவர் கேட்டார். மனைவிக்கான தாபரிப்பு என்றால் அப்படி ஒரு வாதம் நீதிமன்றத்தில் எழும், அது நீதவான் தீர்க்க வேண்டியது. பிள்ளையின் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தாய் யாரோடு இருந்தாலும் பிள்ளைக்குப் பசிக்கும். கடைசியில், தாபரிப்புக்கான நீதிமன்ற உத்தரவுக்கு எதிராகச் சங்கம் இனி ஒரு கடிதமும் எழுதாது என்று முடிவானது. தொகை அதிகம் என்று நினைக்கிற அங்கத்தவர் நீதிமன்றத்தில் போய்ச் சொல்லலாம், அதற்குச் சட்டத்தரணியைக் காட்டிக் கொடுப்போம், அவ்வளவுதான். அந்த முடிவுக்குப் பிறகு சிலர் சங்கம் மாறினார்கள். மாறட்டும் என்று மேடையில் சொல்லலாம், ஆனால் சங்கத்துக்கு அது நோகும். ஒவ்வொரு சந்தாவும் எங்களுக்குத் தேவைதான்.

இப்போது தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 2021 இல் எல்லாம் சேர்த்து 1,000 ஆனது. 2024 இல் 1,350. 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அரசாங்கம் நாளுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தரும் என்றும் அறிவித்தார்கள். 700 எங்கே, 1,550 எங்கே? இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 2019 இல் 3,000 ரூபாய் என்று போட்ட தாபரிப்புக் கட்டளை இன்றைக்கும் 3,000 தான். அது தானாக ஏறாது. நடுவில் 2022 செப்ரெம்பரில் சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்துக்குள் 90 சதவீதத்துக்கு மேல் ஏறினதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் பால்மாப் பைக்கற் இருந்த விலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றும்படி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்க வேண்டியது நீங்கள். பழைய கட்டளை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கேளுங்கள்.

நீதிமன்றத்தில் தகப்பனின் சம்பளத் துண்டு வரும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். தோட்டத்தில் எல்லா மாதமும் ஒரே சம்பளம் இல்லை. கொழுந்து உள்ள மாதம் இருபது நாள் வேலை செய்தால் 1,550 படி 31,000. அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2,480 போனால் 28,520. வறட்சி மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் என்றால் மொத்தமே 18,600. கெட்டிக்காரத் தகப்பன் பன்னிரண்டு நாள் துண்டைத்தான் கொண்டுவருவான். ஒரு வருடத்துத் துண்டுகளைக் கேளுங்கள். காரியாலயத்திலிருந்து விபரம் எடுப்பிக்கும்படி சட்டத்தரணி மூலம் கேட்கலாம். அந்தத் தோட்டத்தில் எங்கள் தலைவர் இருந்தால் அவரும் உதவுவார். உதவாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

அவன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாள் வேலை கிடைத்த மாதத்தில் உண்மையிலேயே கட்ட முடியாத தகப்பனும் இருக்கிறான். அவனை ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு வேலை நாள் கிடைக்கவில்லை என்பது சங்கம் தோட்டத்தோடு பேச வேண்டிய விடயம். அதற்காக அந்த மாதம் பிள்ளை சாப்பிடாமல் இருக்க முடியுமா? இந்த இடத்தில்தான் அரசாங்கம் உள்ளே வர வேண்டும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். உங்கள் வீடுகளில் ஜேர்மனியிலோ சுவீடனிலோ ஆட்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். சுவீடனில் 1930களிலேயே தொடங்கிய முறை இது: தகப்பன் கட்டாவிட்டால் அரசு முதலில் பிள்ளைக்குக் கொடுத்துவிடும், பிறகு தகப்பனிடம் அறவிடும். ஜேர்மனியில் 1980 இலிருந்து இப்படி முற்பணம் கொடுக்கிறார்கள். முன்பு அது குறிப்பிட்ட மாதங்களுக்கும் சின்ன வயதுக்கும் மட்டும்தான். 2017 இல் பதினெட்டு வயது வரை நீட்டினார்கள். துரத்துகிற வேலை தாயின் தலையில் இல்லை, அரசாங்கத்தின் தலையில்.

எல்லாம் நல்ல கதை இல்லை. பிரித்தானியாவில் 1993 இல் பிள்ளைத் தாபரிப்புக்கென்றே ஒரு முகவர் நிலையம் தொடங்கினார்கள். அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்ந்த தாய்க்கு என்ன நடந்தது? தகப்பன் கட்டக் கட்ட அவளுடைய உதவிப் பணத்தில் அந்தளவைக் கழித்தார்கள். தகப்பன் கொடுத்தான், திறைசேரிக்கு இலாபம், பிள்ளைக்கு ஒன்றும் கூடவில்லை. 2010 இல்தான் அதை முழுமையாக நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 1975 இல் இதற்கொரு பெரிய திட்டம் வந்தது. அங்கேயும் நலன்புரி உதவி எடுக்கிற தாய், தாபரிப்பு உரிமையை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 1984 இல் மாதம் முதல் 50 டொலரைக் குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்தார்கள். 1996 இல் அதைக்கூடக் கட்டாயமில்லை என்று மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். தன் காசு பிள்ளைக்குப் போகாமல் அரசாங்கக் கல்லாவுக்குப் போகிறது என்று தெரிந்தால் எந்தத் தகப்பன் மனமுவந்து கட்டுவான்? அமெரிக்கனும் நம்மாள் மாதிரித்தான்.

எங்கள் நாட்டில் முற்பண முறையே இல்லை. அஸ்வெசும இருக்கிறது, 2023 இலிருந்து. 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போட்டுக் குடும்பங்களைத் தெரிவு செய்கிறார்கள். வறிய குடும்பத்துக்கு 2025 இலிருந்து 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. அது கிடைக்கிறவர்களுக்குப் பெரிய உதவி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது வீட்டை எண்ணிக் கொடுக்கிற பணம். புருஷனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு அப்பாவின் லயக் காம்பராவுக்குத் திரும்பி வந்தவளை நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பரா, ஒரு மின்சார மீற்றர். அவள் தனிக் குடும்பமா, அப்பாவின் குடும்பத்துக்குள் ஒருத்தியா? தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள். அடையாள அட்டையும் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லாமல் இந்த இரண்டு பணமும் உங்கள் கைக்கு வராது. புருஷன் பெயரிலுள்ள கணக்கு வேண்டாம், அண்ணன் பெயரிலும் வேண்டாம்.

சங்கம் கேட்கப்போவது இதுதான். நீதிமன்றம் கட்டளையிட்ட தாபரிப்பு வராத மாதத்தில் அரசாங்கம் அதைப் பிள்ளைக்கு முற்பணமாகக் கொடுக்க வேண்டும், தகப்பனிடம் பிறகு அறவிட வேண்டும். தகப்பன் கட்டினான் என்பதற்காக அந்தக் குடும்பத்தின் அஸ்வெசுமவில் கை வைக்கக் கூடாது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் விட்ட பிழையை நாங்கள் தொடக்கத்திலேயே விடக் கூடாது. தோட்டங்களிடம் கேட்பது சின்னதுதான்: தாபரிப்பு வழக்குத் தவணைக்குப் போகிற தாய்க்கு அந்த நாளுக்குப் பெயர் போட வேண்டும். பேச்சுவார்த்தையில் வைத்தோம், சிரித்தார்கள். மறுபடி வைப்போம்.

உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்று பாக்கி இருக்கிறது. வரும்போது ஒரு அக்கா கேட்டார்: "அவர் பிரான்சில. அங்க வேற குடும்பமாம். நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" தோட்டத்தில் எங்களுக்கு இது குறைவு, இங்கே நிறைய. 1956 இல் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டில் ஓர் உடன்படிக்கை வந்தது, வெளிநாட்டிலுள்ளவரிடமிருந்து தாபரிப்பு அறவிடுவது பற்றி. இலங்கை அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நாடு. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, பிரித்தானியா எல்லாம் அதில் உண்டு. கனடா இல்லை. ஒரு நாட்டின் அரச நிறுவனம் மற்ற நாட்டின் நிறுவனத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பி அங்கே அறவிடச் செய்வதுதான் முறை. இலகு என்று சொல்லமாட்டேன். அவருடைய சரியான விலாசம் வேண்டும், பத்திரங்களை மொழிபெயர்க்க வேண்டும், காலம் எடுக்கும். ஆனால் வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் இந்த உடன்படிக்கையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு வகை வீடும் இந்த மண்ணில் இருக்கிறது. தகப்பன் கைவிட்டுப் போன வீடு அல்ல, தகப்பன் திரும்பி வராத வீடு. அந்தத் தாய் யாருக்கு எதிராக வழக்குப் போடுவது? எந்தச் சம்பளத்தில் பிடிப்பது? தாபரிப்புச் சட்டத்தில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை. பொறுப்பு முதலில் அரசாங்கத்துடையது என்று நாங்கள் சொல்வதற்கு அந்த வீடுகளும் காரணம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, இங்கே இருக்கிறவர்களுக்கு இருக்கிறது.

வாசலில் நிற்கிற தம்பிமாருக்கு ஒரு சொல். பிரிந்துவிட்டீர்கள் என்றால் பிரிந்துவிட்டீர்கள், அதற்குள் நான் வரவில்லை. மாதாமாதம் வங்கியில் போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். போட்ட துண்டை வைத்திருங்கள். வேலை நாள் குறைந்தால் நீங்களே நீதிமன்றத்துக்குப் போய்த் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். ஓடி ஒளிந்தால் பாக்கி ஏறும், பிடியாணையும் வரும். அப்படி வந்தால் சங்கத்திடம் வந்து நிற்காதீர்கள்.

அந்த 8,000 ரூபாய்க் கட்டளைப் பெண்ணின் கதையை முடிக்காமல் விட்டேன், பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். அவன் இப்போது வேறொரு தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறான். அங்கேயும் எங்கள் சங்கம் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும்படி அவள் விண்ணப்பித்திருக்கிறாள், தவணை அடுத்த மாதம். அன்றைக்கு நானும் போகிறேன்.

தேத்தண்ணி வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பழைய கட்டளை உள்ளவர்கள் வழக்கிலக்கத்தை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்கு வாருங்கள். இலக்கம் தெரியாவிட்டால் எந்த வருடம், எந்த நீதிமன்றம் என்று சொன்னால் போதும், தேடி எடுக்கலாம். புதிதாகப் போடப்போகிறவர்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு இருந்தால் அது, உங்கள் அடையாள அட்டை, அவர் கடைசியாக வேலை செய்த இடம், இவ்வளவும் எழுதித் தாருங்கள். பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், தாளில் எழுதினால் போதும்.